பிலோ அக்காவின் ஈரத்துணி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் முதலில் செய்த வேலை, ஒரு பழைய துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, எங்கள் காரின் பின் சீட்டைத் துடைத்தது. பல் தேய்க்கவில்லை, பால் காய்ச்சவில்லை. சந்தாபுராவில் எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் வாட்ச்மேனைத் தவிர யாரும் இல்லை. ஆறு மாதமாக ஞாயிறுதோறும் இப்படித்தான் செய்கிறேன். சீட்டின் இடது மூலையை மட்டும் இரண்டு முறை துடைப்பேன். என் மகள் யாழினி தலைவைத்துத் தூங்கிவந்த இடம் அது.

துணியை அலசிக்கொண்டிருந்தபோது முரளி சார் கூப்பிட்டார். நம் துப்பாக்கி சுடும் கிளப்பின் செயலாளர் ஞாயிறு காலையில் கூப்பிட்டால் சுடும் இடமான ரேஞ்சுக்கு அன்று விடுமுறை என்றுதான் பொருள்.

"கவிதா, பிலோமினா போயிட்டாங்கம்மா. விடிகாலைல. ஹார்ட்டாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்குள்ளயே முடிஞ்சுபோச்சாம்."

நான் அழவில்லை. "சார், இன்னைக்கு ரேஞ்ச யார் துடைப்பாங்க?" என்று கேட்டேன். கேட்டபிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. முரளி சார் கோபித்துக்கொள்ளவில்லை. "அதான்மா எனக்கும் தெரியல" என்றார்.

பிலோமினா அக்காவை உங்களில் பலர் ரேஞ்ச் பொறுப்பாளராக அறிவீர்கள். சிலர் அவரைத் துடைப்பவர் என்று மட்டும் நினைத்திருக்கலாம். பிரேசர் டவுனில் அந்தப் பழைய கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் அவர் பதினாறு வருடம் வேலை செய்தார். வருகைப் பதிவேடு, துப்பாக்கி அலமாரியின் சாவி, இலக்கு அட்டைகள் எல்லாம் அவர் கையில்தான். தரையைத் துடைக்க ஆள் வைக்கலாம் என்று கமிட்டி சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "வர்றவன் சீமாறு எடுத்துப் பெருக்குவான். பெருக்கினா தூசி எழும்பும். அத்தனையும் ஈயம். நான் நனைச்சுத்தான் துடைப்பேன்" என்றார். சுடும்போது பறக்கிற ஈயத்தூள் கண்ணுக்குத் தெரியாமல் தரையில் படிகிறது, அது உடம்புக்கு விஷம் என்பதை நமக்கு முதலில் சொன்னவர் அவர்தான். நாம் அதைக் கேட்டுத் தலையாட்டினோம்.

எட்டு வருடங்களுக்கு முன் நான் சேர்ந்த புதிதில் நடந்தது இது. ஏர் ரைபிளில் ஒவ்வொரு குண்டுக்கும் டப்பாவைத் திறந்து மூடுவது எரிச்சலாக இருந்தது. பக்கத்து வரிசையில் ஒருவர் செய்வதைப் பார்த்து, நானும் நான்கைந்து ஈயக் குண்டுகளை உதட்டிடுக்கில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். பின்னாலிருந்து ஒரு கை என் முகத்துக்கு நேரே வந்தது. உள்ளங்கை விரிந்திருந்தது.

"துப்பு."

"என்ன மேடம்?"

"துப்பும்மா. என் கையிலயே துப்பு. வெத்தல பாக்கா அது?"

எல்லோர் முன்னாலும் துப்பினேன். பிலோ அக்கா என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய் வாய் கொப்பளிக்க வைத்தார். பச்சைத் தண்ணீரில், சோப்புப் போட்டு, முழங்கை வரை கழுவ வைத்தார். கைப்பையிலிருந்து போனை எடுக்கப் போனேன். "கை கழுவுறதுக்கு முன்னாடி அதத் தொட்டியா? அப்ப அதையும் துடை. இல்லன்னா வீட்டுக்குப் போய் அதே போனை உன் புள்ள கையில குடுப்ப." எனக்குக் குழந்தை இருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பைக்குள்ள பிஸ்கெட் பாக்கெட் இருக்கே. நீயா திங்கப்போற?" என்று சிரித்தார். பிஸ்கெட்டை ரேஞ்சுக்குள் கொண்டுவந்ததற்காக அதற்கப்புறம் தனியாகத் திட்டு விழுந்தது.

அவர் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம் உங்களுக்கும் நினைவிருக்கும்: "மூக்குக்குத் தெரியாது, நாக்குக்குத் தெரியாது, ரத்தத்துக்கு மட்டும் தெரியும்."

மூன்று வருடங்களுக்கு முந்தைய ஆயுத பூஜையைப் பற்றி எழுதாமல் இந்த அஞ்சலியை முடிக்க முடியாது. எழுதவும் பயமாக இருக்கிறது. அன்று சுடும் மேசையில் துப்பாக்கிகளை வரிசையாக அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டிருந்தோம். துப்பாக்கிகளுக்குப் பக்கத்திலேயே செய்தித்தாளை விரித்துப் பொரி, கடலை, வெல்லம் குவித்திருந்தோம். வருடா வருடம் அப்படித்தான். குடும்பங்களும் வந்திருந்தன. கற்பூரம் காட்டி முடிந்ததும் எட்டு வயது யாழினி பொரியை அள்ளக் கையை நீட்டினாள். பிலோ அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் பாப்பா. இந்த டேபிள்ல வச்சது வேணாம்."

முரளி சாரின் முகம் சிவந்தது. "மேடம், அது பிரசாதம்."

"பிரசாதம்தான் சார். நான் இல்லன்னு சொல்லல. டேபிள்தான் ஈயம். காலைல முப்பது பேர் சுட்டிருக்காங்க, அதுக்கப்புறம் நான் இன்னும் துடைக்கல."

கூட்டத்திலிருந்து ஒருவர், "சர்ச்சுக்குப் போறவங்களுக்கு நம்ம பூஜ என்ன புரியும்" என்றார். யாரென்று எழுதமாட்டேன். அவருக்கே தெரியும். பிலோ அக்கா யாழினியின் மணிக்கட்டை விடவில்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிடிபட்டிருந்தது என் பெண்ணின் கை. எனக்கு அந்த நிமிடம் வெட்கமாக இருந்தது. அவர் பக்கம் நிற்பவளாகத் தெரியக்கூடாது என்று தோன்றியது. அவர் கையை மெதுவாக விலக்கிவிட்டு, ஒரு பிடி பொரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். யாழினியின் கையிலும் ஒரு பிடி வைத்தேன். அவள் சாப்பிட்டாள். பிலோ அக்கா என்னை ஒரு முறை பார்த்துவிட்டு வாளியையும் துணியையும் எடுக்கப் போய்விட்டார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அவரே ஒரு பெரிய மூட்டைப் பொரி வாங்கி, மாடியில் அலுவலக அறையில் வாழையிலை போட்டு வைத்திருந்தார். மாடிப்படி முன்னால் ஒரு வாளி, ஒரு சோப்பு. "சாமிக்குக் காட்டுறது கீழ, நாம திங்கறது மேல. கழுவாத கைக்குப் பொரி கெடையாது. செக்ரட்டரி ஆனாலும் சரி" என்று வாசலில் நின்றுகொண்டார். முதலில் கையை நீட்டிச் சோப்புப் போட்டவர் முரளி சார்தான். இப்போது நாம் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். அது என்றைக்கும் இருந்த வழக்கம்போல் பேசுகிறோம்.

சென்ற ஆண்டு எல்லோரையும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லி அவர் நச்சரித்தார். பெரும்பாலோர் தட்டிக்கழித்தோம். நான் ஆறு மாதத்துக்கு முன்புதான் போனேன். கொஞ்ச நாளாக மூட்டு வலி, தூக்கமின்மை. வயது என்று நினைத்திருந்தேன். இரத்தத்தில் ஈயம் அதிகம் என்று காட்டிய அறிக்கையைப் பார்த்த மருத்துவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். ஞாயிறுதோறும் ரேஞ்சில் சுடுவதைச் சொன்னேன். ஈயம் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்றும், என் வயதில் எலும்பு தேயத் தொடங்கும்போது அது மறுபடி இரத்தத்துக்கு வரலாம் என்றும் விளக்கினார். பிறகு கேட்டார்: "வீட்டில் குழந்தைகள் உண்டா? ரேஞ்சுக்கு வருவார்களா? அந்தத் துணிகளைத் தொடுவார்களா?"

"ஒரு பெண் இருக்கிறாள். வரமாட்டாள், தொடமாட்டாள்" என்றேன்.

அது பொய். பிரேசர் டவுனிலிருந்து சந்தாபுராவுக்கு ஞாயிறு மாலையில் வந்துசேர ஒன்றரை மணி நேரம் ஆகும். அவள் அப்பாவுக்கு ஞாயிறும் வேலை என்பதால் யாழினி என்னோடுதான் வருவாள். நான் சுட்டு முடிக்கும்வரை மாடியில் படம் வரைந்துகொண்டிருப்பாள். திரும்பும்போது பின் சீட்டில் என் சுடும் ஜாக்கெட்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிவிடுவாள். கனத்த கித்தான் ஜாக்கெட் அது. தரையில் படுத்து, எழுந்து, வருடக்கணக்காகத் தூசியைக் குடித்தது. கன்னம் அதில் பதிந்த தடத்தோடு எழுவாள். கண்ணாடியில் பார்த்து நான் எத்தனையோ முறை சிரித்திருக்கிறேன்.

பிலோ அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, மாடிப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எங்க வீட்டுக்காரரு பேட்டரி கடையில ஈயத்தோட வேலை செஞ்சாரு, தெரியுமில்ல? சாயங்காலம் அதே சட்டையோட வந்து எங்க பையன் ஆன்டனியத் தூக்கி மாருல போட்டுக்குவாரு. புள்ளையும் அந்தச் சட்டையச் சப்பிக்கிட்டே தூங்கும். எனக்குப் பாக்க அழகா இருக்கும். அப்புறம் அவன் பேசவே நாளாச்சு. எட்டாவதுக்கு மேல படிப்பு ஏறல. ஒரு டாக்டரு ரத்தம் பாக்கச் சொன்னாரு. நான் பாக்கல."

"ஏன் அக்கா?"

"பயம்மா. பாத்தா தெரிஞ்சிபோயிடும் இல்ல? அது ஈயமா, பொறப்பா, இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கறது இருக்கே, அது பயத்தவிட மோசம்." பிறகு என் தோளைத் தட்டினார். "ஜாக்கெட்ட மூடி போட்ட டப்பாவுல வச்சு டிக்கியில போடு. ஷூவ இங்கயே வுட்டுட்டுப் போ. துணிய தனியா தோய். சீட்ட ஈரத்துணியால துடை. இதெல்லாம் இன்னிக்கே. பாப்பாவுக்கு டெஸ்ட்டு நாளைக்கே."

முதல் நான்கையும் அன்றே செய்தேன். யாழினியை ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து வீட்டில் விட ஆரம்பித்தேன். ஐந்தாவதைச் செய்யவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவர் கேட்பார்: "பாப்பாவுக்குப் பாத்தியா?" "அடுத்த வாரம் அக்கா." பரீட்சை என்பேன், காய்ச்சல் என்பேன், லேப் மூடியிருந்தது என்பேன். யாழினிக்கு அவ்வப்போது வயிற்றுவலி வருகிறது. வகுப்பில் கவனம் சிதறுகிறது என்று அவள் டீச்சர் இரண்டு முறை சொல்லிவிட்டார். பதினொரு வயதில் எல்லாக் குழந்தைகளுக்கும் இருப்பதுதான் என்று பகலில் நினைத்துக்கொள்வேன். அவள் கணக்குப் போடும்போது எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு தவறையும் நான் எண்ணிக்கொண்டிருப்பதை யாரிடமும் சொன்னதில்லை.

பிலோ அக்காவைக் கடைசியாகப் பார்த்தது அவர் இறப்பதற்கு முந்தைய ஞாயிறு. பார்த்தேன் என்பதுகூடச் சரியில்லை. அவர் குழாயடியில் துணியை அலசிக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்து, பின்வாசல் வழியாக வெளியேறினேன். கை கழுவாமல் போனேன். எட்டு வருடத்தில் அது ஒரு முறைதான்.

ஆஸ்டின் டவுனில் அவர் வீட்டுக்குப் போனபோது வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முப்பது வயதைத் தாண்டிய ஆன்டனி, வந்தவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு டம்ளரையும் இரண்டு கையாலும் பிடித்து, மிக மெதுவாக, ஒரு சொட்டும் சிந்தாமல் கொடுத்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"நீங்க கவிதா அக்காதானே? அம்மா சொல்லும். பாப்பாவோட அம்மா."

"ஆமாம்."

"கைய கழுவிட்டு வாங்க. அப்பதான் காபி."

பின்கட்டுக் குழாயில் கை கழுவினேன். அங்கே சுவரில் ஒரு ஆணியில் அவருடைய துடைக்கும் துணி காய்ந்துகொண்டிருந்தது. ரேஞ்சிலிருந்து எதையும் வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது என்று சொன்னவர், இந்தத் துணியை வீட்டுக்கென்று தனியாக வைத்திருக்கிறார். கணவர் போன பிறகும், ஆன்டனி இவ்வளவு வளர்ந்த பிறகும், தினமும் வீட்டைத் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். அப்போதுதான் அழுதேன்.

அவர் இதயம் நின்றதற்கு ஈயம் காரணமா என்று சிலர் என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. தன் இரத்தத்தை அவர் தவறாமல் பார்த்துக்கொண்டார் என்பது மட்டும் தெரியும். அறிக்கைகளை ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்திருந்தார், யாரும் படிக்கலாம் என்பதுபோல. என் அறிக்கை என் அலுவலகப் பையின் உள் ஜிப்பில் இருக்கிறது. என் கணவருக்குக்கூட அது இருப்பது தெரியாது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, ஈரத்துணியும் அந்த ஒரு கேள்வியும். துணியை ஆறு மாதமாகப் பிழிந்துகொண்டிருக்கிறேன். கேள்வியைக் கேட்பவர் இனி வரமாட்டார். பின்வாசல் வழியாகப் போனாலும் போகாவிட்டாலும் என்னை யாரும் நிறுத்தப்போவதில்லை. இந்த ஒரு வாரமாக எனக்கு வந்திருக்கும் பயம் அதுதான்.

நாளை திங்கட்கிழமை. பள்ளி வேன் வருவதற்கு முன் யாழினியை ஸ்கூட்டரில் உட்காரவைத்து அந்த மருத்துவரிடம் கூட்டிப்போகப்போகிறேன். அவளிடம் சொல்லவில்லை. அவள் அப்பாவிடமும் சொல்லவில்லை, இன்றிரவு சொன்னால் நாளைக்குள் ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவேன். இரத்தம் எடுக்க அவள் கையை நீட்டும்போது மணிக்கட்டை நான்தான் பிடித்துக்கொள்வேன். அதற்கு முன், ஆறு மாதத்துக்கு முன் அந்த மருத்துவர் கேட்ட கேள்விக்கு மறுபடி பதில் சொல்லவேண்டும். ஒரு பெண் இருக்கிறாள், டாக்டர். என் ஜாக்கெட்டில்தான் தூங்கினாள்.