வெல்டா உள்ளே போகவில்லை

வெல்டா டாக்கெட்டுக்கு வாய் நீளம் என்று அந்த மலைச்சரிவில் சொல்லாத ஆள் கிடையாது. அவளுக்குக் கை சுத்தம் என்று சொல்பவர்களும் அதே ஆட்கள்தான். கிழக்குக் கென்டக்கியில் ஏரியைச் சுற்றிக் காட்டுக்குள் விடுமுறைக்கென்று மரவீடுகள் கட்டிப் போட்டிருக்கிறார்கள். அவற்றைத் துப்புரவாக்குவதுதான் அவள் பிழைப்பு. வாடகைக்கு வந்து தங்குகிற சின்சினாட்டி நகரத்துக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போவார்கள். திங்கட்கிழமை வெல்டா வாளியும் துடைப்பமுமாய் நுழைவாள். அவர்கள் விட்டுப்போன பாட்டில்களைப் பார்த்தே வந்த ஜோடி சண்டை போட்டதா, சமாதானம் ஆனதா என்று கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்ததை வெளியே சொல்லாமல் இருக்கத்தான் தெரியாது.

ஒரு தடவை ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த வீட்டில், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். யாரென்று தெரியாது. வெல்டாவைப் பார்த்ததும் எழுந்து, "மன்னிச்சுக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டு, வந்த ஜன்னல் வழியாகவே போய்விட்டான். நடந்தது அவ்வளவுதான். ஆனால் கூப்பிட்ட குரலுக்கு வர அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை. போனில் சிக்னலும் இல்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து அழுதாள். அவன் நல்லவனாக இருந்தது அவள் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி எத்தனை திங்கட்கிழமை பிழைக்க முடியும்?

கைத்துப்பாக்கி ஒன்று வாங்கி, முறையாகக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, கணவன் ஹோபர்ட் சோளரொட்டியை மென்றுகொண்டே சிரித்தான்.

"வாங்கிக்க, வேணாங்கல. ஆனா அதுக்குப் போயி கிளாஸா? வேலி மேல நாலு டப்பாவ வெச்சுச் சுட்டா பழகிடும். எங்கப்பன் எந்தக் கிளாஸுக்குப் போனாரு?"

"உங்கப்பன் தன் காலையே சுட்டுக்கிட்டவருதான?"

"காலு இல்ல. ஒரே ஒரு விரலு. அதுவும் சுண்டு விரலு."

அந்தச் சுண்டு விரலைத் தின்ற ரிவால்வரைத்தான் ஹோபர்ட் இன்றும் வைத்திருந்தான். உறை கிடையாது, ஒன்றும் கிடையாது. பேன்ட் இடுப்பில் சும்மா செருகிக்கொண்டு மளிகைக் கடைக்குப் போவான், மீன் பிடிக்கப் போவான், மர அறுவை ஆலைக்கும் போய்வருவான். கென்டக்கியில் அதற்கு லைசென்ஸ்கூட வேண்டாம், சட்டமே விட்டுவிட்டது. சட்டம் விடுவது வேறு, கைக்குத் தெரிவது வேறு. அதை யார் அவனுக்குச் சொல்வது? வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொள்பவனைக் கேள்விப்பட்டிருக்கிறோம். ஹோபர்ட் அந்த ஓணானோடுதான் குனிந்து நிமிர்ந்து விறகு அடுக்கிக்கொண்டிருந்தான்.

வெல்டா கிளாஸுக்குப் போனாள். சொல்லிக்கொடுத்தவள் மார்சி விட். வெல்டாவைவிட இருபது வயது சின்னவள். இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றுவிட்டு, தூக்கம் கெட்ட கண்ணோடு பாடம் நடத்துகிறவள். முதல் நாள் வெல்டா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சுட்டாள். குறி வைத்த அட்டை அப்படியே நின்றது. பக்கத்தில் இருந்தவளின் அட்டையில் ஓட்டை விழுந்தது. அடுத்து சுட்டபோது வெளியே தெறித்த தோட்டா ஓடு ஒன்று, சுடச்சுட அவள் சட்டைக் கழுத்து வழியாக உள்ளே இறங்கியது. வெல்டா ஆடினாள் பாருங்கள், அப்படி ஓர் ஆட்டத்தை அந்தத் துப்பாக்கிப் பயிற்சித் திடல் கண்டதில்லை.

மார்சி பதறவில்லை. வெல்டாவின் மணிக்கட்டை மட்டும் இரும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டாள். "ஆடுங்க, நல்லா ஆடுங்க. காலால ஆடுங்க. கை மட்டும் அட்டையப் பாத்தே இருக்கட்டும். விரல விசைல இருந்து எடுத்தாச்சா? ம், இப்ப ஆடுங்க."

வெந்த இடத்தில் வெண்ணெய் தடவிக்கொண்டு வெல்டா மறு சனிக்கிழமையும் போனாள். அதற்கடுத்த சனியும் போனாள். சுடுவதைவிடச் சுடாமல் இருப்பதைத்தான் மார்சி அதிகம் சொல்லிக்கொடுத்தாள். எதிரே இருப்பது யார், அதற்குப் பின்னால் என்ன என்று தெரியாமல் விரல் விசைக்குப் போகக்கூடாது. துப்பாக்கி உடம்போடு இருக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டியில் பூட்டியிருக்க வேண்டும். மேசை மேல், தலையணைக்குக் கீழ், கைப்பையில் என்ற பேச்சே கிடையாது. வீட்டுக்குள் எவனாவது நுழைந்திருந்தால்?

"உள்ள போகாதீங்க," என்றாள் மார்சி. "டிவி போனா வேற டிவி வாங்கிக்கலாம். உங்கள எந்தக் கடைல போயி வாங்குறது?"

வெல்டா உடுப்பையே மாற்றினாள். மின்விசிறியைத் துடைக்கக் கையைத் தூக்கினால் சட்டை மேலேறி இடுப்பில் இருக்கும் துப்பாக்கி தெரிந்துவிடும் என்று, தொளதொளவென்று நீளச் சட்டையாகப் பார்த்து வாங்கினாள். மாலையில் தோட்டாக்களையெல்லாம் வேறு அறையில் வைத்துவிட்டு, காலித் துப்பாக்கியோடு படுக்கையறைச் சுவரைப் பார்த்து உறையிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாகப் பழகினாள். ஹோபர்ட் எட்டிப் பார்ப்பான்.

"என்ன, சுவரு சரணடைஞ்சிருச்சா?"

"அது அடங்கிருச்சு. உன் வாய்தான் அடங்கல."

சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவளுக்கு உள்ளே ஒரு முள் இருந்தது. அவன் இடுப்பில் இருக்கும் அந்த ரிவால்வர் ஒரு நாள் யாரையாவது தின்றுவிடும். அவனையே தின்னலாம். வாராவாரம் இவர்கள் வீட்டுக்குத் தின்ன வருகிற அவன் அக்காள் ஓப்பலைத் தின்னலாம். ஒரே ஒரு சனிக்கிழமை மார்சியிடம் வா என்று வெல்டா கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், சமைக்க மாட்டேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். அவன் அசையவில்லை. பிறந்ததிலிருந்து துப்பாக்கியோடு இருக்கிறவனுக்கு, இரட்டைப் பிள்ளைக்காரி என்ன சொல்லித்தரப் போகிறாள் என்பது அவன் வீராப்பு.

ஆனால் ஹோபர்ட் மோசமானவன் இல்லை. வெல்டாவின் பிறந்தநாள் அக்டோபரில் வந்தது. அவள் அறியாமல் ஒரு விருந்து வைத்து அவளை அசத்திவிட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. மீன் பிடிக்கப் போகிறேன் என்று காலையிலேயே கிளம்பிப் போனான். அவள் வேலைக்குப் போனதும், வண்டியைத் தொலைவிலேயே விட்டுவிட்டு, விருந்தாளிகளோடு நடந்தே திரும்பி வந்தான்.

வெல்டா அன்று பிற்பகல் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு வந்தாள். காரை நிறுத்திவிட்டு இறங்கியவளுக்கு ஏதோ இடித்தது. பிஸ்கட் குரைக்கவில்லை. அவள் கார் தெருமுனை திரும்பும்போதே ஊரைக் கூட்டுகிற நாய் அது. காலையில் அவள் திறந்துவிட்டுப் போன திரைச்சீலைகள் எல்லாம் மூடியிருந்தன. வாசல் படியில் சேற்றுக் காலடி, ஒன்றல்ல, பல. இரண்டு படி ஏறினாள். உள்ளே ஏதோ உருண்டு விழுந்தது. யாரோ 'உஷ்' என்றார்கள்.

அவள் கை தானாகச் சட்டைக்குள் போய்ப் பிடியில் நின்றது. விரல் விசைக்குப் போகவில்லை, உறையோடு ஒட்டி நேராக இருந்தது. என் வீடு, என் வாசல், என் நாயை என்ன செய்தானுங்க என்று கோபம் மூக்கு மேல் வந்தது. கதவு ஓர் உதையில் திறக்கும். அவளுக்கு அது தெரியும். இருந்தும் அவள் பின்னால்தான் நடந்தாள். கதவிலிருந்து கண்ணை எடுக்காமல் படி இறங்கி, காருக்கு அந்தப் பக்கம் போய்க் குனிந்து, இடது கையால் போனை எடுத்து ஷெரிஃப் ஆபீஸைக் கூப்பிட்டாள். பேர், விலாசம், தான் போட்டிருக்கும் சட்டையின் நிறம், தன்னிடம் துப்பாக்கி உறையில் இருக்கிறது, எல்லாம் சொன்னாள்.

பிறகு உரக்கக் கேட்டாள். "யாரது உள்ள? போலீஸ் வந்துகிட்டு இருக்கு."

உள்ளே ஹோபர்ட் சோபாவுக்குப் பின்னால் குந்தியபடி மற்றவர்களிடம் கிசுகிசுத்தான் என்பதை ஓப்பல் பிற்பாடு ஊர் முழுக்கச் சொன்னாள். "போலீஸாவது, மண்ணாவது. மோப்பம் பிடிச்சிட்டா, நம்மள வெளிய வரவைக்கத்தான் பாக்குறா. மூச்சு விடாதீங்க." அந்த முட்டாள்தனத்தை என்னவென்று சொல்ல! முழங்கால் வலியோடு மொத்தக் கூட்டமும் மூச்சை அடக்கிக்கொண்டது.

லானி என்ற போலீஸ்காரன் மலையடிவார பெட்ரோல் பங்கில்தான் இருந்தான். சட்டென்று வந்து சேர்ந்தான். வெல்டா கை இரண்டையும் அவன் கண்ணில் படும்படி வைத்துக்கொண்டு பேசினாள். அவன் தன் கார்க் கதவுக்குப் பின்னால் நின்று ஒலிபெருக்கியை எடுத்தான்.

"உள்ள யாரா இருந்தாலும் சரி, கையத் தூக்கிக்கிட்டு ஒவ்வொருத்தரா வெளிய வாங்க."

கதவு திறந்தது. முதலில் வந்தது ஹோபர்ட். தலையில் சிவப்புக் கூம்புத் தொப்பி, முகத்தில் சவக்களை. கையைத் தூக்கியதும் சட்டை மேலே ஏறியது; இடுப்பில் ரிவால்வரின் பிடி பளிச்சென்று தெரிந்தது. லானியின் கை தன் துப்பாக்கிக்குப் போனது.

"லானி, அது என் புருஷன்" என்று வெல்டா கத்தினாள். "ஹோபர்ட், கைய இறக்காத. ஆடாம அசையாம நில்லு."

ஹோபர்ட் வாழ்க்கையில் முதன்முறையாக அவள் பேச்சைக் கேட்டான். லானி வந்து ரிவால்வரை உருவி, தோட்டாக்களைக் கொட்டி எடுத்த பிறகுதான் எல்லாருக்கும் மூச்சு வந்தது. பின்னாலேயே ஓப்பல் வந்தாள், வாயில் பீப்பியோடு. அழுகையும் மூச்சுமாக அது தானாகவே பீப்பீ என்று ஊதியது. அவளுக்குப் பின்னால் போதகர் ஸ்டாம்பர். கையைத் தூக்கச் சொன்னார்களே என்று, ஆப்பிள் அடுக்கு கேக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். அப்புறம் சர்ச் பாட்டுக் குழு, ஆலைக்காரர்கள், எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக.

லானிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "போதகரே, நீங்க மட்டும் கைய இறக்கலாம். மெதுவா. கேக்குக்கு ஒண்ணும் ஆகக்கூடாது."

"பொறந்தநாள் வாழ்த்துக்கள், வெல்டா," என்றார் போதகர், கேக்கை மெதுவாக இறக்கியபடி.

வெல்டா காரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். சிரித்தாள், கண்ணில் நீர் வரச் சிரித்தாள், பிறகு கொஞ்சம் அழவும் செய்தாள். ஹோபர்ட் பக்கத்து வீட்டுக்குள் கட்டிவைத்திருந்த பிஸ்கட்டை அவிழ்த்துவிட்டதும் அது ஓடிவந்து எல்லார் மேலும் விழுந்தது. பொரித்த கோழியும் வாழைப்பழப் புட்டிங்கும் வெளியே வந்தன. லானியையும் உட்காரவைத்து ஊட்டாத குறையாகத் தின்ன வைத்தார்கள். போதகர் கேக்கோடு வந்த கதையை ஓப்பல் நடித்துக் காட்டக் காட்ட, அவரே மறுபடி மறுபடி நடிக்கச் சொல்லிக் கேட்டார்.

ஹோபர்ட் மட்டும் சாப்பிடவில்லை. வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். வெல்டா ஒரு தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். காலியாக்கிய ரிவால்வர் அவன் மடியில் இருந்தது. தோட்டாக்கள் லானி கொடுத்தபடியே சட்டைப் பையில்.

"அசத்திட்ட போ," என்றாள் அவள். "இதவிடப் பெரிய விருந்து எவனும் வெக்க முடியாது."

அவன் சிரிக்கவில்லை. "வெல்டா, உள்ள ஓப்பல் எங்க நின்னா தெரியுமா?"

"எங்க?"

"கதவுக்குப் பின்னாலயே. மொதல்ல தானே உன்னக் கட்டிக்கணும்னு அடம் பிடிச்சு அங்க நின்னா. நாய் குரைக்கல, திரைச்சீலை மூடியிருக்கு, உள்ள சத்தம் கேக்குது. நீ வந்த மாதிரி நான் வந்திருந்தேன்னா போன் பண்ணியிருப்பேன்னா நினைக்கிற? கதவ உதைச்சிருப்பேன். உதைச்ச கையோட சுட்டிருப்பேன்."

வெல்டா தட்டைப் படியில் வைத்தாள். உள்ளே ஓப்பல் பீப்பியை ஊதிக்கொண்டு யாரையோ துரத்தும் சத்தம் கேட்டது. இத்தனை நாளாக அவள் கெஞ்சியும் திட்டியும் புரியவைக்க முடியாததை, அவன் தன் வாயால் சொல்லிக்கொண்டிருந்தான். அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, சொல்லக் கூசுகிற அளவுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

"மார்சி கிளாஸு சனிக்கிழமைதான?" என்று கேட்டான்.

"சனிக்கிழமைதான்."

"என்னையப் பாத்துச் சிரிப்பாளா?"

"அவ சிரிக்க மாட்டா. நான்தான் சிரிப்பேன், பக்கத்துலயே நின்னு."

அவன் தலையாட்டினான். பிறகு ரிவால்வரின் குழலைத் தரையைப் பார்க்கத் திருப்பி, அவளிடம் நீட்டினான்.

"சனிக்கிழமை வரைக்கும் இது என் இடுப்புல வேணாம். உன் பெட்டில வெச்சுப் பூட்டு. இப்பவே. ஓப்பல் கிளம்புறதுக்கு முன்னால."

வெல்டா அதை வாங்கி, உருளையைத் திறந்து, காலியாக இருக்கிறதா என்று தானும் ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.