தொடாமல் பத்து முறை

பிறப்பு: 1983, அக்டோபர். படிப்பு: மின்னணுவியலில் பட்டயம். முதல் வேலை: கைக்கடிகாரக் கடையில் பேட்டரி மாற்றுவது, நான்கு ஆண்டுகள். சர்க்யூட் போர்டுப் பட்டறையின் சோதனை மேசையில் அமர்ந்தது: 2009, ஜூன் 15. அன்றிலிருந்து 2025 பிப்ரவரி முடியும்வரை அவள் தேர்ச்சி கொடுத்த சர்க்யூட் போர்டுகள்: 61,340. தேர்ச்சி பெற்ற ஒவ்வொன்றின் மூலையிலும் பச்சை மையால் ஒரு புள்ளி வைப்பாள். அதனால் பட்டறையில் அவளுக்குப் 'பச்சைப் பொட்டு' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

மார்ச் 4, செவ்வாய்க்கிழமை காலை, அந்தப் பொட்டு வைத்த போர்டுகளில் முப்பத்தெட்டு ஓர் அட்டைப்பெட்டியில் திரும்பி வந்தன. கோழிக்குஞ்சுப் பண்ணையில் முட்டைகளை மணிக்கொரு முறை திருப்பிவிடும் எந்திரத்துக்கானவை அவை. மின்சாரம் போய்த் திரும்பும்போது சில நேரம் போர்டு விழிப்பதே இல்லை என்றும், இரண்டு தட்டு முட்டைகள் வீணாகிவிட்டன என்றும் பண்ணைக்காரர் எழுதியிருந்தார்.

முப்பத்தெட்டையும் அவள் சோதித்தாள். முப்பத்தெட்டும் ஓடின. மின்துடிப்பை அலையாக வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பின் திரையில் அலை அச்சுப் பிசகாமல் நின்றது. மதியம் மறுபடி சோதித்தாள். அதே கதை.

"எல்லாமே ஓடுதுன்னா, பண்ணைக்காரர் பொய் சொல்றாரா?" என்றார் முதலாளி.

"பொய் சொல்லி அவருக்கு என்ன சார் கிடைக்கப் போகுது?"

"அப்ப உங்க பொட்டுதான் பொய் சொல்லுது. வெள்ளிக்கிழமைக்குள்ள என்னன்னு கண்டுபிடிங்கம்மா. இல்லன்னா சோதனைய வெளியில குடுத்துடறேன். நீங்க பேக்கிங் பக்கம் போயிடுங்க."

பேக்கிங் வேலையில் அவளுக்கு இளப்பம் ஒன்றும் இல்லை. ஆனால் பதினாறு ஆண்டுகளாக வைத்த பொட்டுக்கு அர்த்தமில்லை என்று ஆகிவிடுமே என்பதுதான் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. புதன்கிழமை முழுக்க நோட்டில் ஒவ்வொரு சந்தேகமாக எழுதி அடித்துக்கொண்டே வந்தாள். முடி உலர்த்தும் எந்திரத்தால் போர்டைச் சூடாக்கினாள். அலுவலகக் குளிர்பெட்டியில் வைத்துக் குளிரவைத்தாள். மின்னழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தாள். போர்டுகள் சமர்த்தாக ஓடின.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அவளுடைய நாத்தனார் வந்து நின்றாள். கணவரின் தங்கை, பக்கத்து அறையில், ரீலில் சுற்றி வரும் பாகங்களைப் போர்டின் மேல் பொருத்தும் எந்திரத்தை இயக்குபவள்.

"அண்ணி, வீட்டுச் சாவி உங்ககிட்டயா இருக்கு?"

இடக்கை சுவிட்சைப் போடும்போதே வலக்கை ஆசிலாஸ்கோப்பின் புரோப் என்ற சோதனை ஊசியின் முனையைப் போர்டிலுள்ள கிரிஸ்டலின் காலில் வைப்பது அவளுக்குக் கைப்பழக்கம். அன்று சுவிட்சைப் போட்ட கை அப்படியே பைக்குள் சாவி தேடப் போயிற்று. புரோப் அந்தரத்தில் நின்றது. சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், போர்டு ஓடும்போது சிமிட்ட வேண்டிய விளக்கு சிமிட்டவில்லை.

புரோப்பால் தொட்டாள். சிமிட்டியது. எடுத்தாள். தொடர்ந்து சிமிட்டியது. மின்சாரத்தை நிறுத்தி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மீண்டும் கொடுத்தாள். இருட்டு.

நாத்தனார் குனிந்து பார்த்தாள். "நீங்க தொட்டாதான் எழுந்திருக்கும் போலிருக்கே, எங்கண்ணன் மாதிரி!"

"உங்கண்ணன் தொட்டாலும் புரண்டுதான் படுப்பார். அதுக்கு இது எவ்வளவோ தேவல."

சிரித்துக்கொண்டே நோட்டை எடுத்தாள். அதே போர்டு, தொட்டு இயக்கியது, இருபதுக்கு இருபது. தொடாமல் இயக்கியது, இருபதுக்கு ஏழு.

எழுதி முடித்தபோது சிரிப்பு அடங்கியிருந்தது. கிரிஸ்டல் அதிர்ந்தால்தான் சிப்புக்கு நேரம் ஓடும். அந்த அதிர்வு தொடங்க, கிரிஸ்டலின் இரு பக்கமும் மின்னூட்டத்தைத் தேக்கும் கெப்பாசிட்டர் ஒவ்வொன்று சரியான அளவில் வேண்டும். புரோப்பும் ஒருவகையில் சிறு கெப்பாசிட்டர்தான். வைக்கும்போது ஒரு தட்டும் தட்டிவிடுகிறது. இத்தனை காலம் தேர்வு எழுதுபவனின் காதில் விடையை ஓதிவிட்டு, அதற்கு முழு மதிப்பெண்ணும் போட்டுவந்திருக்கிறாள்.

சரி, இந்தப் போர்டுகள் மட்டும் ஏன் தடுமாறுகின்றன? இரண்டு கெப்பாசிட்டர்களையும் கழற்றி மீட்டரில் வைத்தாள். இருபத்திரண்டு பிக்கோஃபாரட் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று சொச்சம் காட்டியது. மணல் பருக்கை அளவு பாகம். மேலே ஓர் எழுத்தும் கிடையாது. கண்ணால் பார்த்து யாராலும் வேறுபடுத்த முடியாது.

நாத்தனாரின் முகம் சுண்டிவிட்டது. "ஜனவரி இருபதாம் தேதி கெப்பாசிட்டர் ரீல் தீர்ந்துபோச்சு அண்ணி. மாத்தினது நான்தான். அவசரத்துல பக்கத்து ரீல எடுத்துப் போட்டுட்டேன்போல." கூடவே, "அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. வருஷம் முழுக்க ஓட்டுவார்" என்றாள்.

வெள்ளிக்கிழமை இருவருமாகவே முதலாளியின் அறைக்குப் போனார்கள். நோட்டைப் படித்துவிட்டு அவர் நிமிர்ந்தார். "சரி, யார் தப்பு இது?"

"ரீல் என் தப்பு சார்," என்றாள் நாத்தனார்.

"ரீல் ஒரு நாள் தப்பு. தொட்டுத் தொட்டுப் பாத்தது பதினாறு வருஷத் தப்பு. அது என்னோடது சார்."

"முப்பத்தெட்டையும் சரி பண்ணி அனுப்பிடுங்க. விஷயம் முடிஞ்சுது."

"முடியல சார். அந்த ரீல்ல போட்டது நூத்தியறுபது. மிச்சத்தையும் வரவழைக்கணும்."

"ஓடிட்டிருக்கறத எதுக்கும்மா கிளறணும்?"

"கரண்ட் போற வரைக்கும்தான் சார் அது ஓடும்."

முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு பண்ணைக்காரருக்குத் போன் போட்டார்.

சோதனை மேசை அவளிடமே இருந்தது. மேசைக்கு மேலே, அவள் கையெழுத்தில் புதிய விதி ஒட்டப்பட்டது: முதலில் தொடாமல் பத்து முறை மின்சாரம் கொடுக்க வேண்டும், பத்து முறையும் விளக்கு தானாகச் சிமிட்டினால்தான் புரோப்பைக் கையில் எடுக்கலாம், பொட்டும் வைக்கலாம். நூற்றறுபது போர்டுகளும் வந்து சேர்ந்தன. நாத்தனார் கெப்பாசிட்டர்களை ஒவ்வொன்றாக மீட்டரில் அளந்து மாற்றிக் கொடுத்தாள். ஒவ்வொரு போர்டையும் சுவிட்சில் கை, மடியில் மறு கை என்று அமர்ந்து அவள் பார்த்தாள்.

நோட்டில் உள்ள பதிவு:

மார்ச் 19, புதன்கிழமை. போர்டுகள்: 160. தொடாமல் மின்சாரம் கொடுத்தது: 1,600 முறை. விழித்தது: 1,599 முறை. பச்சைப் பொட்டு: 159.