மூச்சு பார்த்த சாவடி

போன வாரம் தவளக்குப்பத்தில் பஸ் ஏறினேன். முன் இருக்கையில் ஒரு சின்னப் பெண். மடியில் தூங்குகிற கைக்குழந்தை. அதன் மூக்கடியில் விரலை வைப்பாள், எடுப்பாள், மறுபடி வைப்பாள். சுட்ட வசம்பு வாசனை என் மூக்குக்கும் வந்தது. அவ்வளவுதான், பஸ் கடலூருக்குப் போக, நான் பிரெஞ்சுக்காரன் காலத்துக்குப் போய்விட்டேன்.

எனக்கு அப்போது கடலூர் மண்டியில் வேலை. அது இங்கிலீஷ்காரன் சீமை. மனைவிக்குப் பிறந்த வீடு குருவிநத்தம். அது பிரெஞ்சுக்காரன் சீமை. தலைப்பிரசவம் அங்கேதான். அவளும் இப்படித்தான், பிள்ளை கண்ணை மூடினால் விரலை நீட்டுவாள். அவள் அக்காவின் முதல் குழந்தை தூக்கத்திலேயே போயிருந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. இவள் பயத்தைப் பார்த்துச் சிரிப்பதோடு சரி. "நாங்கள்லாம் பெக்கலியாடி?" என்பார் மாமியார். நான்தான் பெரிய விகடகவியாயிற்றே, "மூச்சு இல்லாமலா ராத்திரி பூரா கத்துது? பின்ன அது இன்னா, நானா?" என்பேன்.

மூன்றாம் மாதம் மாட்டு வண்டியில் அழைத்து வந்தேன். எல்லையில் இங்கிலீஷ்காரன் சுங்கச் சாவடி. என் கவலையெல்லாம் வைக்கோலுக்கு அடியில் இருந்தது: மச்சான் ஆசையாகக் கொடுத்த பிராந்திப் புட்டி. சாவடிக்காரருக்குப் பெரிய மீசை. தடியை நீட்டி அவள் மடியைக் காட்டினார்.

"அந்த மூட்டைய அவுரு."

"மூட்டை இல்லீங்க, புள்ள."

"எல்லாரும் புள்ளன்னுதாம்மா சொல்றீங்க. போன வாரம் ஒரு புள்ளையப் பிரிச்சேன், உள்ள ரெண்டு பட்டுச் சேலை."

என்னையே பிள்ளையைத் தூக்க விடாதவள், அழுது ஊரைக் கூட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ குழந்தையை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

"நீங்களே பாருங்கண்ணா. மூச்சு வருதான்னு சொல்லுங்க. எங்க வூட்ல கேட்டா சிரிக்கிறாங்க."

அவர் சிரிக்கவில்லை. தடியைச் சக்கரத்தில் சாய்த்துவிட்டு விரலை மூக்கடியில் வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. பின்னால் நின்ற கத்திரிக்காய்க் கூடைக்காரிகள் பேச்சை நிறுத்தினார்கள். அந்தப் பக்கத்துப் பிரெஞ்சுச் சிப்பாய், சிவப்புத் தொப்பியோடு எட்டிப் பார்த்தான். நானும் அந்த விரலையே பார்த்தேன். ஒருவேளை வராவிட்டால்? புட்டி மறந்தது, ஜோக்கெல்லாம் மறந்தது. மூன்று மாதமாக இவள் தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்த இடம் இதுதானா!

"வருதும்மா," என்றார். "வெதுவெதுன்னு நல்லா வருது. எங்க மூத்தவனுக்கு நான் இன்னும் வச்சுப் பாக்கறேன். அவனுக்கு மீசையே வந்துடுச்சு."

சாவடி நின்ற இடத்தில் இப்போது கரும்பு லாரிகள் நிற்காமல் ஓடுகின்றன. இரண்டு சர்க்காரின் ஆட்களும், கூடைக்காரிகளும், என்னைப் போன்ற வாயாடியும், ஒரு கைப்பிள்ளையின் மூச்சுக்காகத் தங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த அமைதியை, அப்புறம் நான் எந்தக் கோயிலிலும் கேட்கவில்லை.