மெர்சி அக்கா பூட்டிய ஓவன்

மெர்சி அக்கா போன செய்தி எங்களுக்குப் போனில்தான் வந்தது. வேலை பார்த்த காலமெல்லாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊருக்கே லைன் போட்டுக் கொடுத்தவர்கள் அவர்கள். காலையில் இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். அக்கா இரண்டு நாள் இருந்துவிட்டு வரத் தம்பி வீட்டுக்குப் போயிருந்தார்கள். அந்தத் தம்பிதான் பேசினார். "தூக்கத்துலயே போயிட்டாங்கக்கா." என் வீட்டுக்காரர் ரேடியோவை நிறுத்திவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார்.

சபை மலருக்கு எழுதித் தரச் சொல்லிப் போதகர் கேட்டார். நான் படித்தது அஞ்சாங்கிளாஸ்தான். ஆனாலும் அக்காவைப் பற்றி எழுத என்னைவிட உரிமை யாருக்கு இருக்கிறது என்று பேனாவை எடுத்துவிட்டேன். தப்பு இருந்தால் என் பேத்தி திருத்துவாள். கிளாசில் அவள்தான் முதல் ரேங்க்.

நாங்கள் இரும்புலியூரில் வீடு கட்டிக்கொண்டு வந்தபோது அடுத்த வீட்டில் அக்கா தனியாக இருந்தார்கள். கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே கணவரை இழந்தவர்கள். பிள்ளை இல்லை. தனியாக இருந்ததாலோ என்னவோ, வீட்டில் எல்லாவற்றையும் பூட்டுவார்கள். பீரோவுக்குப் பூட்டு, பிரிட்ஜுக்குப் பூட்டு, முந்திரிப்பருப்பு டப்பா வைக்கிற அலமாரிக்கும் பூட்டு. சாவிக்கொத்து எப்போதும் இடுப்பில். "ஏன்க்கா, உப்பு ஜாடிக்கும் ஒண்ணு போட்டுருங்களேன்" என்று நான் கிண்டல் பண்ணினால், "உன்ன மாதிரி ஆளு பக்கத்து வூட்ல இருந்தா அதையும் போட்டுதான் ஆவணும்" என்பார்கள்.

அவர்கள் தம்பி வெளிநாட்டில் வேலை பார்த்தார். ஊர் திரும்பும்போது கப்பலில் ஒரு பெரிய ஓவனைக் கொண்டுவந்து அக்காவுக்குக் கொடுத்தார். கண்ணாடிக் கதவும் அதற்கு மேலே ஒரு கைப்பிடியுமாக, அதுபோல ஒன்றை எங்கள் தெருவே பார்த்ததில்லை. கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளினால் கதவு பூட்டிக்கொள்ளும். அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பிரிட்ஜுக்குப் பூட்டு இருக்கிற மாதிரி இதற்கும் ஒரு பூட்டு என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

என் மூத்த மகள் எஸ்தருக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு பல்லாவரம். வரவேற்புக்கு வெட்டுகிற கேக்கைப் பட்டணத்துப் பெரிய கடையில்தான் வாங்க வேண்டும் என்றார்கள் சம்பந்தியம்மா. மெர்சி அக்கா செய்வார்கள் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். "வூட்ல சுட்ட கேக்கா? எங்க சைடு ஆளுங்க சிரிப்பாங்க. முந்தின நாள் சாயந்தரம் வந்து பார்ப்பேன். சரியில்லன்னா கடைக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதைக் கேட்டு என் மகள் முகம் வாடிவிட்டது.

மூன்று அடுக்குக் கேக். மேல் இரண்டையும் அக்கா முன்னாடியே சுட்டு வைத்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம் அடி அடுக்கு ஓவனில் இருந்தது. கல்யாண வீட்டுப் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பதும் கதவில் கை வைப்பதுமாக இருந்தார்கள். பாதி வெந்த கேக்கில் காற்று பட்டால் நடுவில் அமுங்கிவிடும். அக்கா பிள்ளைகளை விரட்டிவிட்டு, பிரிட்ஜைப் பூட்டுகிற அதே பழக்கத்தில் அந்தக் கைப்பிடியைத் தள்ளிவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஓவன் பக்கம் மூக்கைக் கொண்டுபோய், "வெந்துருச்சு ரோஸு, துணி எடு" என்று என்னிடம் சொன்னார்கள். கைப்பிடியை இழுத்தார்கள். வரவில்லை. நான் இழுத்தேன். அசையவே இல்லை. அக்கா உடனே சுவிட்சை அணைத்தார்கள். ஆனால் உள்ளே இருக்கிற சூடு எங்கே போகும்? கண்ணாடி வழியாகக் கேக்கின் ஓரம் கறுப்பாகிக்கொண்டு வருவது தெரிந்தது.

என் வீட்டுக்காரர் ஒர்க்‌ஷாப் ஆள். பெரிய ஸ்க்ரூ டிரைவரோடு வந்து, "நகருங்கக்கா, ஒரு நெம்பு நெம்புனா வந்துரும்" என்றார்.

அக்கா ஓவனுக்கு முதுகைக் காட்டிக் குறுக்கே நின்றுகொண்டார்கள். "தம்பி, கண்ணாடி கொதிச்சுக்கினு கீது. நெம்பினா வெடிக்கும். கேக்கு கருகினா நான் அவமானப்படுவேன், அவ்ளோதான். ஒரு சில்லு உள்ள போனா? நாளைக்கு வர்ற ஜனத்துக்கு அதையா துண்டு போட்டுக் குடுப்பீங்க?"

"சம்பந்தியம்மா வர்ற நேரமாயிருச்சுக்கா."

"வரட்டும். சூட்டுலதான் புடிச்சுக்கினு கீது. ஆறட்டும், அதுவே வுடும்."

டேபிள் பேனை எதிரே வைத்தோம். அது சுற்ற ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது. அக்கா முறத்தை எடுத்து விசிற ஆரம்பித்தார்கள். நானும் ஒரு முறத்தை எடுத்துக்கொண்டேன். கருகல் வாசனை கூடிக்கொண்டே போனது. எஸ்தர் கதவோரம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியம்மா வந்து நின்றார்கள். இரண்டு பொம்பளைகள் ஓவனுக்கு முறம் வீசுவதைப் பார்த்து, "இன்னா இது?" என்றார்கள்.

"சும்மா, ஆற வெக்கிறோங்க" என்று என் வீட்டுக்காரர் சமாளிக்கப் பார்த்தார்.

அக்கா முறத்தைக் கீழே வைத்தார்கள். "இல்லீங்க. நான் பூட்டிட்டேன், தொறக்க வரல. உள்ள கேக்கு கருகுது. தப்பு என்னுது. இவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க."

சம்பந்தியம்மா குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். "ஈரத்துணி போட்டா சீக்கிரம் ஆறாதா?"

"போட்டா கண்ணாடி வெடிக்குங்க."

"அப்ப அந்த மொறத்தக் குடும்மா, உனக்குக் கை ஓஞ்சு போச்சு" என்று என் கையில் இருந்ததை வாங்கிக்கொண்டு அவர்களே வீச ஆரம்பித்தார்கள். கல்யாணப் பேச்சு தொடங்கியதிலிருந்து அவர்கள் என்னை "அம்மா" என்றது அப்போதுதான்.

வெளிச்சம் மங்கும் நேரம் அக்கா மறுபடியும் கைப்பிடியைத் தொட்டார்கள். ஒரு விரலுக்கே நகர்ந்தது.

கேக்கின் மேலும் ஓரமும் கரி. அக்கா ரொட்டிக் கத்தியால் கறுப்பை எல்லாம் சீவிச் சீவி எடுத்தார்கள். சம்பந்தியம்மா சீவிப்போட்ட ஒரு துண்டை எடுத்து, கறுப்பைக் கிள்ளி எறிந்துவிட்டு வாயில் போட்டார்கள். இன்னொரு துண்டையும் எடுத்தார்கள். "கடைக்குப் போவேணாம். ஆனா இத யாருகிட்டயும் சொல்லாதீங்க."

மறுநாள் அடி அடுக்கு, நடு அடுக்கை விடக் கொஞ்சம்தான் பெரிசாக நின்றது. பார்த்தவர்களுக்கெல்லாம் அக்காவே கதையைச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கைப்பிடி, ஓவன் தன்னைத்தானே பெரும் சூட்டில் சுத்தம் பண்ணும்போது பூட்டுவதற்கு என்றும், ஆறினால்தான் விடும் என்றும் அவர்கள் தம்பி பிறகு புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார். அன்றே அக்கா கைப்பிடியைத் திறந்த பக்கமாகத் தள்ளிச் சிவப்பு ரிப்பனால் இறுக்கிக் கட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் என் வீட்டு ஞானஸ்நானம், பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் கேக் அந்த ஓவனில்தான்.

அடக்கம் முடிந்து வந்ததும் தம்பி சாவிக்கொத்தை என்னிடம் தந்தார். பீரோ, பிரிட்ஜ், முந்திரிப்பருப்பு அலமாரி எல்லாம் பூட்டியே இருந்தன. ஓவனில் மட்டும் ரிப்பன், வெளுத்துப் போய். கதவைத் திறந்தேன். உள்ளே வெண்ணெய்க் காகிதம் போட்ட கேக் டின் தயாராக இருந்தது. என் பேத்திக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள்.

மாவு கலந்து ஊற்றிக் கொண்டுவர டின்னை மட்டும் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். ரிப்பனைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்துதான் சுடப்போகிறேன். சம்பந்தியம்மாவும் வருகிறேன் என்றிருக்கிறார்கள்.

போய் வாருங்கள் அக்கா. பிள்ளைகள் கதவில் கை வைக்காமல் நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்கிறேன்.