மோதினார் போடாத விளக்கு

எங்கள் பள்ளிவாசலில் பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கும் மோதினார் பாபுஜானுக்குக் கமிட்டிக்காரர்கள் வைத்த பெயர் கஞ்சன். விடியற்காலை சுபுஹு பாங்குக்கு முன்பே மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பிவிடுவார். குளியலறை விளக்கை மட்டும் போடவே மாட்டார். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் வேலை பார்த்து, மாடி அறைகளில் கும்பலாகத் தங்கியிருந்த கல்யாணமாகாதவர்கள் நாங்கள். அந்த இருட்டில் முட்டிக்கொண்டு அவரைத் திட்டாத நாளில்லை.

எங்களில் அன்சர் தையல்காரர். முப்பது தாண்டியும், தங்கைகளைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் தனக்கு என்று காத்திருந்தவர். ஒரு வெள்ளிக்கிழமை மார்க்கம் படித்த வெளியூர் ஆலிம் ஒருவர் சுயஇன்பத்தைப் பற்றி மிம்பர் மேடையில் நின்று இடி இடியென்று இடித்தார். அந்தக் கையே மறுமையில் சாட்சி சொல்லும் என்றார். அதோடு அன்சர் பள்ளிவாசல் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். இனி என் தொழுகை எங்கே ஏறப்போகிறது என்று என்னிடம் கண்கலங்கினார். எனக்கு அந்த ஆலிம் மேல் எரிச்சலாக வந்தது.

இரண்டு வாரம் பார்த்துவிட்டு, கிழிந்த ஜிப்பா ஒன்றோடு மோதினாரே அன்சரின் கடைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். அவருக்கே நாற்பதில்தான் கல்யாணம். பாவமில்லை என்று அவர் மழுப்பவில்லை. பெரும்பாலான இமாம்கள் ஹராம் என்கிறார்கள், விபச்சாரத்தில் விழுந்துவிடுவோமோ என்று பயந்தவனுக்குச் சிலர் கொஞ்சம் இளகியிருக்கிறார்கள், முடிந்தபோது நோன்பு வை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அதுக்காவ தொழுகைய வுட்டா, அது இன்னும் பெரிய தப்பு அன்சரு. தௌபா செஞ்சி அல்லாகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு, குளிச்சிட்டு வந்துடு. யாரு குளிக்கிறாங்கன்னு யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதான் லைட்டு போடாம வெச்சிக்கினு இருக்கேன்."

விந்து வெளிப்பட்டால், கனவிலானாலும் கையாலானாலும், முழுக்கக் குளிக்காமல் தொழ முடியாது. விடியுமுன் தலை நனைத்தவனைப் பார்த்தால் ஊருக்குக் கதை புரிந்துவிடும். அதற்காகத்தான் மனிதர் இத்தனை வருஷம் கஞ்சப் பட்டம் சுமந்திருக்கிறார். மறுநாள் அன்சர் முதல் வரிசையில் நின்றார்.

மோதினார் மவுத்தாகி, அடக்கம் பண்ணியும் பல வருஷமாகிவிட்டது. குளியலறையில் இப்போது ஆள் நுழைந்தாலே தானாக எரியும் விளக்கு. போன மாதம் சுபுஹுக்குப் போனபோது அங்கே இருட்டாக இருந்தது. தொட்டியோரம் முட்டிக்கொண்டேன், அப்படியே மோதினார் ஞாபகம் வந்தது. வெளியே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு நின்றிருந்தார் அன்சர், பேரன் எடுத்த அன்சர்.

கமிட்டி இப்போது அவரைக் கஞ்சன் என்கிறது.