எர்னியின் பாய்லரும் இரண்டாம் பரிசும்

எர்னி ஹெப்பிளுக்கு வாழ்க்கையில் இரண்டு கொள்கைகள் இருந்தன. நவம்பர் பிறக்கும் முன் வீட்டில் ஹீட்டிங் போடுகிறவன் ஆண்பிள்ளை அல்ல என்பது முதலாவது. அடுத்தவனின் லீக் செடிப் பாத்தியை எட்டிப் பார்க்கிறவன் மனிதனே அல்ல என்பது இரண்டாவது. வட இங்கிலாந்தின் டர்ஹம் பக்கத்துப் பழைய சுரங்க ஊர்களில் இவற்றை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை. ஞானஸ்நானத் தண்ணீரோடு சேர்ந்தே தலையில் இறங்கிவிடும்.

முதல் கொள்கையால் அவருக்குப் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. இரண்டாவதுதான் அந்த டிசம்பரில் அவர் குடும்பத்தையே இரண்டாக்கப் பார்த்தது.

மீசை முளைத்ததும் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர் எர்னி. சுரங்கத்தை மூடிய பிறகு உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் காவலாளியானார். அங்கே மாட்டுக்கொட்டகை அளவுக்கு ஒரு கிழட்டு பாய்லர் இருந்தது. அதை ஆறு மாதம் கொஞ்சியும் ஆறு மாதம் திட்டியும் ஓய்வு பெறும்வரை ஓட்டினார். ஆனால் சொந்த வீட்டின் பாய்லரோடு அவருக்கு ஒட்டவே இல்லை. சமையலறைச் சுவரில் தொங்கும் வெள்ளைப் பெட்டி அது. வெந்நீரைக் குழாய் வழியே அறை அறையாக ரேடியேட்டர்களுக்கு அனுப்பும். திட்டினாலும் கேட்காது, கொஞ்சினாலும் கேட்காது. அதன் முகத்தில் சின்னத் திரை ஒன்று உண்டு, அவ்வளவுதான்.

அந்தப் பெட்டியிலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்று சுவரைத் துளைத்துக்கொண்டு கொல்லைப்புறம் போகும். பாய்லர் எரியும்போது ஊறும் தண்ணீர் அதன் வழியே சொட்டுச் சொட்டாக வடியும். அதற்குச் சாம்பல் நிறத்தில் ஒரு நுரைப்பஞ்சுச் சட்டை போட்டிருந்தார்கள். வசந்த காலத்தில் ஒருநாள் எர்னி அதைப் பார்த்தார். 'குழாய்க்கு எதற்குச் சட்டை? அதற்குக் குளிருமா என்ன?' என்று தோன்றியது. கழற்றித் துண்டு துண்டாக நறுக்கி, விரல் தடிமனில் நின்ற லீக் கன்றுகளுக்கு மாட்டிவிட்டார்.

லீக் என்பது வெங்காயத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன். தண்டில் வெயில் படாமல் மூடி வளர்க்க வேண்டும்; எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு மரியாதை. செப்டம்பரில் ஊர் கிளப்பில் நடக்கும் போட்டியில் எர்னியின் லீக்குகள் மெழுகுவத்தி போல வெள்ளை வெளேரென்று நின்றன. இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு வழக்கம்போல மூன்று வீடு தள்ளி இருக்கும் காலின் ஸ்டாப்ஸுக்கு. மேடையிலிருந்து இறங்கும்போது காலின் அவர் தோளைத் தட்டி, "இரண்டாவது இடமும் ஒரு இடம்தான் கூட்டாளி" என்றான். அன்றிலிருந்து எர்னி அவனோடு வானிலையைப் பற்றி மட்டும்தான் பேசுவார், அதுவும் மழையாக இருந்தால்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. அந்த ஊர் பாய்லர்களில் பாதியை மாட்டியதும் பழுது பார்ப்பதும் இதே காலின்தான்.

டிசம்பரில் எர்னியின் மனைவி மேவிஸுக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை நடந்தது. நல்லபடியாக முடிந்தது, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். புதன்கிழமை மாலை பார்க்கப் போன எர்னியிடம் நர்ஸ் கேட்டாள்:

"வீடு கதகதப்பா இருக்குமா கண்ணு?"

"ரொட்டியே சுடலாம்" என்றார் எர்னி.

கட்டிலிலிருந்து மேவிஸ் கண்ணைத் திறக்காமலே பேசினாள். "இவர் சொல்ற ரொட்டிய நம்பாதீங்க. இந்தாய்யா, வீடு ஜில்லுனு இருந்துச்சோ, நான் நேரா ஐரீன் வீட்டுக்குப் போயிடுவேன். குளிரே ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

ஐரீன் மேவிஸின் தங்கை. ஹாரோகேட் என்ற வசதியான ஊரில் இருக்கிறாள். தரைக்கு அடியிலேயே சூடு ஓடும் வீடு, வெறுங்காலோடு நடக்கலாம். சில வருஷங்களுக்கு முன் மணிக்கட்டு உடைந்தபோது மேவிஸ் "ரெண்டு வாரம்" என்று சொல்லி அங்கே போனாள். பனிக்காலம் முடிந்துதான் திரும்பினாள். திரும்பியவள் தேநீரில் ஓட்ஸ் பால் ஊற்றினாள், மத்தியானச் சாப்பாட்டை ஊரார் போல 'டின்னர்' என்னாமல் பணக்காரர்கள் போல 'லஞ்ச்' என்றாள். அவளைப் பழையபடி ஆக்குவதற்குள் எர்னிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மறுபடி போனால் இந்தத் தடவை வருவாளா என்று யார் கண்டது? அவள் இல்லாத அந்தக் குளிர்காலத்தில் தினமும் மாலையில் இரண்டு கோப்பை எடுத்துவைத்து, ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்ததை எர்னி யாரிடமும் சொன்னதில்லை.

வியாழக்கிழமை காலை ஊரே வெள்ளையாக விறைத்துக் கிடந்தது. எர்னி சமையலறைக்கு வந்தபோது பாய்லர் வாய் கொப்பளிப்பது போல ஒரு சத்தம் போட்டது. இருமியது. பிறகு திரையில் ஒரு எழுத்தையும் ஒரு எண்ணையும் காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. எர்னி பொத்தானை அழுத்தினார். பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் செருப்பால் ஒன்று போட்டார். பெட்டி மசியவில்லை.

காலினைக் கூப்பிடுவதைவிட நகரத்துக் கம்பெனியைக் கூப்பிடுவதே மேல் என்று முடிவு செய்தார். தொலைபேசியில் வெகுநேரம் பியானோ வாசித்தார்கள். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு பெண் குரல் இடையிடையே சொன்னது. முக்கியமானவர்களைக் காக்கவைப்பதுதான் போலிருக்கிறது அங்கே மரியாதை. கடைசியில் ஒரு இளைஞன் வந்தான்.

"ஏதாவது சத்தம் கேட்டுதா சார்?"

"கொப்பளிச்சுது."

"வெளியே போற குழாய் மேல உறை இருக்கா சார்?"

எர்னிக்குச் சுரீரென்றது. லீக் ரகசியத்தை நகரம்வரை மோப்பம் பிடித்துவிட்டார்களா? முன்பின் பார்க்காத பையன், இருந்தாலும் யாருக்கு யார் உறவு என்று யார் சொல்ல முடியும்?

"இல்லாம இருக்குமா!" என்றார்.

"அப்போ குழாய் பிரச்சனை இல்ல சார். பாய்லருக்கு வயசாயிடுச்சு. புதுசு போட்டுடறது நல்லது. அடுத்த வியாழக்கிழமை ஆள் அனுப்பட்டுமா?"

"நாளைக்கு என் பொண்டாட்டி வர்றாப்பா!"

"வாழ்த்துகள் சார்" என்றான் பையன்.

மத்தியானம்வரை எர்னி மின்சார ஹீட்டர் ஒன்றை அறை அறையாகத் தூக்கிக்கொண்டு அலைந்தார். அது தன் முன்னால் இருந்த கால்சட்டையை மட்டும் சுட்டது. மேவிஸ் மாடி ஏறக்கூடாது என்பதால் முன்னறையில் கட்டிலைப் போட்டு, அவளுடைய பூப்போட்ட போர்வையையும் விரித்து வைத்திருந்தார். தலையணையைத் தொட்டுப் பார்த்தார். நனைந்தது போலச் சில்லிட்டது. அவர் விட்ட மூச்சு அதன் மேல் புகையாகப் போனது. வாசலில் ஐரீனின் கார் வந்து நிற்பதும், மேவிஸ் இறங்காமலே கையசைத்துவிட்டுப் போவதும் கண்முன் ஓடியது.

தொப்பியை மாட்டிக்கொண்டு மூன்று வீடு தள்ளி நடந்தார்.

காலின் கதவைத் திறந்தான். வாயில் ஹாம் வைத்த ரொட்டி, கன்னத்தில் பட்டாணிக் கூழ்.

"என்னய்யா எர்னி, மழைகூட இல்லியே?"

"பாய்லர் நின்னுபோச்சு. மேவிஸ் நாளைக்கு வர்றா."

காலின் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினான். மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். அதுதான் எர்னிக்கு எரிச்சலாக இருந்தது. கொஞ்சமாவது அலட்டிக்கொண்டால் வெறுக்க வசதியாக இருக்கும்.

பாய்லரின் மூடியைக் கழற்றி, காதை வைத்துக் கேட்டு, பொத்தானை அழுத்தி இன்னொரு தடவை கொப்பளிக்க வைத்தான் காலின். எர்னி தேநீரோடு பக்கத்தில் நின்றார்.

"ஒண்ணுமில்ல. ஐயாவுக்கு நீர்க்கட்டு. போற வழி அடைச்சிருக்கு, மூச்சா போக முடியல, அதான் கோவிச்சுக்கிட்டுப் படுத்துட்டார். கொல்லைப்பக்கக் கதவத் திற."

எர்னி கோப்பையைக் கீழே வைத்தார். கொல்லைப் பாத்தியின் தலைமாட்டில், அடுத்த வருஷ விதைக்கென்று காப்பாற்றி வைத்த இரண்டு லீக்குகள் சாம்பல் நிறச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தன. அவர் போய்க் கதவில் முதுகைச் சாய்த்து நின்றார்.

"எதா இருந்தாலும் உள்ளேயே பாரு."

"வெளிய உறைஞ்சத உள்ள எப்படிய்யா பாக்கறது?"

"நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

"சரி, சொல்லு."

எர்னி கதவை ஒரு ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து வெளியே போனார். உடனே திரும்பி வந்து மறுபடி முதுகைச் சாய்த்தார்.

"குழாய் இருக்கு."

"இருக்கும், அதுக்குக் காலா இருக்கு ஓடிப்போக? மேல உறை இருக்கா?"

 எர்னி கதவருகே மாட்டியிருந்த மேவிஸின் கழுத்துத் துணியை எடுத்து நீட்டினார்.

"இதக் கண்ணுல கட்டிக்கிட்டு வர்றியா?"

காலின் துணியைப் பார்த்தான், எர்னியைப் பார்த்தான். "ஏம்ப்பா, நான் பாய்லர் பாக்க வந்தேனா, கண்ணாமூச்சி ஆட வந்தேனா?"

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. மேவிஸ்தான். அவள் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை, காலினுக்கும் தெளிவாகக் கேட்டது.

"வீடு சூடா இருக்கா?"

"ஆகிட்டே இருக்கு."

"ஆகிட்டே இருக்குன்னா? நாளைக்கு ஐரீன்தான் கார்ல கூட்டிட்டு வர்றா. முதல்ல அவ உள்ள வந்து பாப்பா. சரியில்லன்னா நான் இறங்கவே மாட்டேன், சொல்லிட்டேன்."  பிறகு சின்னக் குரலில், "எனக்கு வீட்டுக்கு வரணும்போல இருக்கு மனுஷா" என்றாள்.

காலின் பாய்லர் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

எர்னி தொலைபேசியை வைத்தார். கொல்லைக் கதவை அகலத் திறந்துவிட்டார். ஹெப்பிள் வீட்டுப் பாத்திப் பக்கம் போட்டிக்காரன் ஒருவன் கால்வைத்தது அன்றுதான் முதல் தடவை.

குழாய் வெற்று உடம்போடு சுவரில் ஒட்டியிருந்தது. அதன் வாயிலிருந்து யானைத் தந்தம் போல ஒரு பனிக்கட்டி தொங்கியது. காலின் அதைப் பார்த்தான். பிறகு பாத்தியைப் பார்த்தான். மேலங்கி போட்ட இரண்டு பாதிரிமார் போல லீக்குகள் நின்றன. மறுபடி குழாயைப் பார்த்தான்.

"இது அதோட சட்டைதானே?"

"ம்."

"அப்போ இதுதானா! நீ பியர் ஊத்தி வளக்கறேன்னு கிளப்பே பேசிக்குது. ஒருத்தன் பன்னி ரத்தம்னுகூடச் சொன்னான்."

"சிரிக்கறதுன்னா சிரிச்சுடு."

காலின் சிரிக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். "என்னோடதுக்கு என்ன போடறேன் தெரியுமா? என் பொண்டாட்டியோட கம்பளிக் காலுறை. வருஷா வருஷம் காணாமப் போகுதுன்னு அவ வாஷிங் மெஷினத் திட்டிக்கிட்டிருக்கா. நீ வெளிய சொல்லாத, நான் வெளிய சொல்லல."

அது நிஜமா, அல்லது ஒரு கிழவனின் மானத்தை மூட அவன் அவசரமாகப் பின்னிய காலுறையா என்பது எர்னிக்கு இன்றுவரை தெரியாது. காலின் மனைவியின் கணுக்காலைக் கவனித்துப் பார்க்கும் துணிச்சலும் அவருக்கு வரவில்லை.

"கெட்டில்ல தண்ணி வை. கொதிக்க விடாத, குழாய் விரிசல் விடும். கை பொறுக்கற சூடு போதும்."

எர்னி தண்ணீர் கொண்டுவரக் கொண்டுவர, காலின் குழாயின் மேல் மெதுவாக ஊற்றினான். கொஞ்ச நேரத்தில் பனித்தந்தம் கழன்று தொப்பென்று விழுந்தது. பின்னாலேயே தேங்கிய தண்ணீர் களகளவென்று கொட்டியது. காலின் உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தினான். பாய்லர் ஒரு கணம் யோசித்தது. 'டிக்' என்றது. பிறகு உள்ளே நீலமாக ஒரு சுடர் எழும்பி, சாப்பிட்டு முடித்த பூனை போல உறும ஆரம்பித்தது.

எர்னி ஒவ்வொரு அறையாகப் போய் ரேடியேட்டர்களின் மேல் கைவைத்தார், காய்ச்சல் பார்ப்பது போல. முன்னறை: கொஞ்சம். படிக்கட்டு: வருகிறது. திரும்பி வந்தபோது அவர் நடையில் சுரங்கத்திலிருந்து மேலே வந்தவனின் லேசு இருந்தது.

"புதுசு மாத்தணும்னு சொன்னானே அந்தப் பய?"

"இதுவா? இன்னும் நம்ம ரெண்டு பேரையும் வழியனுப்பிட்டுத்தான் போகும். அவன் கேட்டதுக்கு நீ நெஜத்தச் சொல்லியிருந்தா அவனே சொல்லியிருப்பான்." காலின் பையை மூடினான். "போய் அந்தச் சட்டையக் கழட்டு. லீக்குக்கு ஒண்ணும் ஆகாது, அது பனியிலேயே பொறந்த சாதி. பாய்லர்தான் நோஞ்சான்."

எர்னி மண்டியிட்டுத் தன் லீக்குகளின் சட்டையைத் தானே கழற்றினார். வசந்தத்தில் நறுக்கிப்போட்ட மிச்சத் துண்டுகளையும் கொட்டகையிலிருந்து பொறுக்கி வந்தார். இருவரும் சேர்ந்து குழாய்க்கு மாட்டிக் கறுப்பு டேப்பால் சுற்றினார்கள். பார்க்கக் கட்டுப்போட்ட கை மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை ஐரீனின் கார் வந்தது. இன்ஜினை அணைக்காமலே அவள் மட்டும் இறங்கி உள்ளே வந்தாள். கையுறையைக் கழற்றி, முன்னறை ரேடியேட்டரின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்த வேகத்தில் "ஆ!" என்று எடுத்துக்கொண்டாள். எர்னி அந்தச் சத்தத்தைப் போல இனிமையான ஒன்றைக் கேட்டதே இல்லை.

மேவிஸ் இரண்டு ஊன்றுகோலோடு மெல்ல உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். ஐரீனின் கார் ஹாரோகேட்டைப் பார்த்துக் கிளம்பிப் போயிற்று. எர்னி இரண்டு கோப்பை எடுத்துவைத்து, இரண்டிலும் தேநீர் ஊற்றினார். மேவிஸ் அந்த அறையின் பின்பக்க ஜன்னல் வழியே கொல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குழாய்ச் சட்டைய மறுபடி மாட்டிட்டியா? நல்லது. வசந்தத்துலேர்ந்தே சொல்லணும்னு நினைச்சுட்டிருந்தேன்."

எர்னி அவள் பக்கம் திரும்பினார். "தெரியுமா உனக்கு? வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா? நீ தோத்ததுக்கு நான்தான் காரணம்னு ஆயிருக்கும்." ஒரு வாய் குடித்தாள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்தினாள். "அப்பப்பா, என்ன புழுக்கம்! ஆளக் கூட்டிட்டு வந்து அவிக்கப் பாக்கறியா? கொஞ்சம் குறைச்சு வைய்யா அத."

எர்னி எழுந்து போய்க் குறைத்தார். தன் ஆயுளில் எதையும் அவர் இவ்வளவு சந்தோஷமாகக் குறைத்ததில்லை.