காலடியில் ஒரு மோட்டார்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடைப் பகல். மதுரையிலிருந்து பரவை போகும் பஸ்ஸில், நடைபாதைக்கு அந்தப் பக்க இருக்கையில் ஒரு பெண் இருந்தார். முப்பது வயதிருக்கும். வெறும் நெற்றி. காலடியில் சாக்கில் சுற்றிய கிணற்று மோட்டார். பஸ் குலுங்கும்போதெல்லாம் குனிந்து, தூங்கும் பிள்ளையைப் பிடிப்பதுபோல் அதைப் பிடித்துக்கொண்டார்.

"ரிப்பேராம்மா?" என்று கேட்டேன்.

"ரிப்பேர் பாத்து, புதுசா காயில் கம்பி சுத்திக் கொண்டு போறேண்ணே. உள்ள கரண்டு கசிஞ்சிருக்கு, எங்களுக்குத் தெரியல. எங்க வீட்டுக்காரரு வாய்க்கா ஈரத்தோட வந்து இதத் தொட்டாரு. அம்புட்டுத்தேன்."

"இதையேவா திரும்ப மாட்டப் போறீக?" என்றேன்.

"வேற வாங்க வக்கில்லண்ணே. அவரு நட்ட வாழை குலை தள்ளி நிக்குது. காய விடவா?"

மடியிலிருந்த செம்புக் கம்பிச் சுருளைக் காட்டினார். எர்த்துப் போடச் சொல்லிக் கடைக்காரர் கொடுத்ததாம்.

"இதப் போட்டா நெசமா ஒண்ணும் ஆகாதுல்ல?"

"வயர்மேன வச்சு முறையாப் போடுங்கம்மா. அப்பவும் ஈரக் கையோட தொடாதீக."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அன்னைக்கு இத ஒருத்தரும் அவருகிட்டச் சொல்லலையே."

பரவையில் கண்டக்டரும் நானும் மோட்டாரை இறக்கி வைத்தோம். இனி யார் சுவிட்ச் போடுவார்கள் என்று கேட்டேன்.

"நாந்தேன். பிள்ளைகள அந்தப் பக்கமே விடமாட்டேன்."

வாழை பிழைத்திருக்கும். முதல் நாள் அந்தச் சுவிட்சில் கைவைக்க அவர் எப்படித் துணிந்தார் என்பதுதான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.